பேரரசி கண்ணு மங்குன நாட்டுல சண்டை வந்த காரணம்

1

இந்தக் கதை எனக்கு ஆசையில வந்ததில்ல, நச்சரிப்புல வந்தது. அத முதல்லயே சொல்லிடுறேன், அப்புறம் "ஏன் இப்படி எழுதுன"ன்னு யாரும் என்கிட்ட வரக்கூடாது.

அம்மாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. டிவில வர்ற ஆளு ஆணா பொண்ணான்னே தெரியலங்குறா. "சின்னவளே, சின்ன வயசுல ராஜா ராணி கதையா அடிச்சு விடுவியே, அதுல ஒண்ணு அனுப்பு. போன் படிச்சுச் சொல்லட்டும், நான் கேட்டுட்டுக் கிடக்குறேன்"ன்னு கேட்டா. சரின்னுட்டேன். அவ்வளவுதான் என் பங்கு. மத்த பாவமெல்லாம் நம்ம குடும்ப குரூப்புல இருக்குறவங்களோடது.

நான் இருக்குறது வெளிநாட்டுல, ஒரு பெரிய ஹோட்டலோட சலவைப் பிரிவுல. நாள் முழுக்க படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு. கை எப்பவும் ஊறிப்போய் இருக்கும். போன் என் விரலைத் தொட்டாலும் தொடாத மாதிரியே நடிக்கும். அதனால வாயால சொல்றேன், அது எழுதிக்குது. பேசியே அனுப்பிடலாம்தான். ஆனா என் குரலைக் கேட்டா அம்மா கதைய அப்படியே விட்டுட்டு, "ஏன் தொண்டை ஒரு மாதிரி இருக்கு, அழுதியா, சாப்பிட்டியா"ன்னு ஆரம்பிச்சிடுவா. எழுத்துக்கு ஜலதோஷம் பிடிக்காது பாருங்க.

குரூப்புல யார் யாருன்னு ஒரு தடவை சொல்லிடுறேன். பெரியப்பா பையன் இத நாலு பேருக்கு ஃபார்வர்ட் பண்ணாம இருக்க மாட்டான், அவங்க பாவம் முழிக்கக் கூடாது. அண்ணன், வேன் ஓட்டுறான். அக்கா, மருந்துக்கடையில வேலை. ரெண்டு பேரும் ஒரே ஊருல வேற வேற வீட்டுல. அம்மா பழைய வீட்டுல தனியா. அண்ணனும் அக்காவும் பேசிக்கிறதில்ல. ஒரே குரூப்புல இருந்துகிட்டு, "இங்க இருக்குற சிலருக்கு"ன்னு ஆரம்பிச்சு சுவத்தப் பாத்துப் பேசுவாங்க. கடைசி நான். சின்னவ.

2

கதை ஆரம்பம், முதல் முயற்சி:

ஒரு காலத்துல ஏழு கடலுக்கு நடுவுல ஒரு மாபெரும் பேரரசு அழி அழி அழி

(நான் "அழி"ன்னு சொன்னா இந்தப் போன் அழிக்காது. "அழி"ன்னு எழுதும். கையைத் துடைச்சிட்டு வந்து எடுக்கணும். எடுக்கல. இருக்கட்டும்.)

ரெண்டாவது முயற்சி:

ஒரு நாடு இருந்துச்சு. அங்க சூரியன்னு தனியா ஒண்ணு கிடையாது. பேரரசி கண்ணைத் தொறந்தா விடியும், மூடினா இருட்டிடும். அவ்வளவுதான் ஏற்பாடு. அவ லேசாக் கண்ணு சிமிட்டினாக்கூட நாடு முழுக்க ஒரு நொடி இருட்டு வந்து போகும், அதுக்கு அந்த ஜனங்க பழகிட்டாங்க. நெல்லு காயப் போட்டவ நிமிர்ந்துகூட பாக்க மாட்டா. பேரரசிக்கு மத்தியானத் தூக்கம்னா அது என்னன்னே தெரியாது. கண்ணு அசந்தா பாதி நாடு விளக்கைத் தேடும். தூசி விழுந்து கண்ணைக் கசக்கினா, "இன்னைக்கு என்ன இப்படி விட்டு விட்டு அடிக்குது"ன்னு சந்தையில அலுத்துக்குவாங்க. இப்படியே எத்தனையோ வருஷம், ஒருத்தரும் அவகிட்ட வந்து "கண்ணு வலிக்குதா"ன்னு கேட்டதில்ல.

இது வரைக்கும் நல்லாத்தான் போச்சு. அம்மா "ம், அப்புறம்?"ன்னு கேட்டா. அப்புறம் ஒரு உள்நாட்டுச் சண்டை வரும்னு வாய் விட்டுட்டேன். அங்க ஆரம்பிச்சுது வினை.

"சண்டை ஏன் வந்துச்சு?"ன்னு அம்மா.

"ஆமா, யார் முதல்ல ஆரம்பிச்சது?"ன்னு அண்ணன், எனக்குத் தனியா.

"ஆரம்பிச்சது யாருன்னு சரியா எழுது"ன்னு அக்கா, அவளும் எனக்குத் தனியா.

3

காரணம் ஒண்ணு. உப்பு வரி.

பெரிய சண்டைக்குப் பெரிய காரணம் வேணும்னு நெனச்சேன். கடலோரத்துக்காரன் உப்பு எடுக்குறான், மலைக்காரன் அதுக்கு வரி போடுறான், வண்டி மறிக்கிறாங்க, பாலம் எரியுது. பஸ்சுல நின்னுகிட்டே ஒரு பாலத்த எரிச்சேன். பக்கத்து சீட்டு ஆளு என்னையே பாத்தாரு. நான் ஏதோ சத்தமா மந்திரம் சொல்றேன்னு நெனச்சிருப்பாரு.

அம்மா பதில்: "உப்புக்கெல்லாமா அடிச்சிக்குவாங்க? தூங்கிட்டேன்மா."

வரலாறு படிச்சவங்க கேட்டா கோவிச்சுக்குவாங்க, உப்புக்கு அடிச்சிக்கிட்ட ஊரெல்லாம் இருக்கும்தான். ஆனா எங்க அம்மாவுக்கு அது பத்தல. உப்பு தீந்துபோனா அவ பக்கத்து வீட்டுல ஒரு கைப்பிடி வாங்கிக்கிற ஆளு. சரி, உப்பு வேணாம். எரிஞ்ச பாலத்தத் திரும்பக் கட்டியாச்சு.

காரணம் ரெண்டு. கள்ளத்தனமான ஒரு மந்திரி, அவனுக்கு ஒரு விரோதி, ஒரு விஷக்

வேணாம். எனக்கே கொட்டாவி வருது.

4

காரணம் மூணு. இதத்தான் நான் எழுதியிருக்கவே கூடாது.

பேரரசிக்குக் கண்ணு மங்க ஆரம்பிச்சுது. நாடு முழுக்கப் பனிமூட்டம். காலையில எந்திரிச்சா எதிர் வீடு தெரியல. மத்தியானம் ஆனா எதிர் வீட்டுச் சுவரு மட்டும் தெரியும், கதவு தெரியாது. படகு கரைய விட்டுட்டுக் கரையத் தேடுது.

பேரரசிக்குப் பிள்ளைங்க ரெண்டு. கிழக்கை ஆளுறவன் மகன், மேற்கை ஆளுறவ மகள். கண்ணுக்குத் தடவுற பச்சிலை மேற்குல மட்டும்தான் விளையும், அத அரைக்கிற பக்குவமும் அங்கதான். ஆனா பேரரசியக் குலுங்காமக் கூட்டிட்டுப் போற பல்லக்கும், தூக்குறவங்களும் கிழக்குல மட்டும்தான். மேற்குல எல்லாம் மாட்டு வண்டி, அதுல ஏறுனா இருக்குற கண்ணும் போயிடும்.

ஆக, மருந்து ஒருத்திகிட்ட, பல்லக்கு ஒருத்தன்கிட்ட. நடுவுல அம்மா.

"எங்கம்மாவ நான்தான் பாத்துக்குவேன். பல்லக்கை அனுப்பச் சொல்லு"ன்னா மேற்கு.

"அம்மா என் அரண்மனைக்குத்தான் வருவா. பச்சிலைய அனுப்பச் சொல்லு"ன்னான் கிழக்கு.

ரெண்டு பேருமே பாசத்துலதான் சொன்னாங்க. பாத்துக்க மாட்டேன்னு ஒருத்தராவது சொல்லியிருந்தா சண்டையே வந்திருக்காது. நானும் யோசிச்சுப் பாத்தேன், உலகத்துல பாதி சண்டை ஒருத்தரை எல்லாரும் வேணாம்னு தள்ளுறதால வருது, மீதி ரெண்டு பேருமே விடாப்பிடியா இழுக்குறதால வருது. இழுக்குறப்போ எத இழுக்குறோமோ அது கிழியும். விரிப்பை ஆளுக்கு ஒரு மூலையப் பிடிச்சு மடிக்கிறப்ப நான் தினமும் பாக்குறேன். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல இழுத்தா மடிப்பும் வராது ஒண்ணும் வராது. ஒருத்தர் நடந்து எதிராளிகிட்ட வரணும்.

அனுப்பிட்டு மெஷின்ல துணியப் போட்டுட்டுத் திரும்பிப் பாக்குறேன். போன் துள்ளுது.

அக்கா: "ஏய், அந்த மேற்குக்காரி நான்தானே? நான் எப்போடி மருந்தை வச்சுக்கிட்டுத் தர மாட்டேன்னு சொன்னேன்? ஆபரேஷனுக்கு அப்புறம் கண்ணுல சொட்டு மருந்து நேரம் தவறாம விடணும். அத அந்தப் புண்ணியவான் செய்வானா? வேனுக்கு டீசல் போடவே மறக்குற ஆளு."

அண்ணன்: "நல்லா எழுதுறம்மா. பல்லக்கு தூக்குறவன் நான், நல்ல பேரு அவளுக்கா? அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும். ரெண்டு பேரும் தனித்தனியா, பொழுதுக்கும் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். அம்மாவ முதல் தடவை கண் ஆஸ்பத்திரிக்குக் காட்டுற அன்னைக்கு, அக்கா கடையில லீவு கேட்டு வாங்கிட்டு ரெண்டு பஸ் மாறி வந்தா, வீடு பூட்டிக் கிடந்துச்சு. அண்ணன் சவாரி ஒண்ணு ரத்தானதால சீக்கிரமே வந்து அம்மாவ வேன்ல ஏத்திட்டுப் போயிட்டான். "போன் பண்ணேன், எடுக்கல"ங்குறான் அவன். "அடிக்கவே இல்ல"ங்குறா இவ. அவ்வளவுதான். இதான் அந்தப் பேரரசு ரெண்டா உடைஞ்ச காரணம். இதுக்குப் பாலம் எரியணும்னு நான் உக்காந்து யோசிச்சேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

அன்னைக்கு டாக்டர் ஆபரேஷன் பண்ணிடலாம்னாரு. அம்மா, "ரெண்டு பேரும் சேர்ந்து வராம நான் அங்க படுக்க மாட்டேன்"ன்னா. ரெண்டு பேரும் சேர்ந்து வரல. தேதி தள்ளிப்போச்சு. திரும்பவும் தள்ளிப்போச்சு. முத்திப்போனா அப்புறம் கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாரு. இங்க போன் அதிர்ந்தாலே துணியப் போட்டுட்டு ஓடுறேன். இன்னைக்கு என்னவோ ஏதோன்னு எடுத்துப் பாத்தா, "அவகிட்ட சொல்லி வை", "அவன்கிட்ட சொல்லி வை."

5

ஒரு கதாபாத்திரத்தப் பத்தி எனக்குச் சந்தேகம் இருக்கு.

கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவுல தூது போறவ ஒருத்திய வச்சிருந்தேன். அனுப்பின பகுதியில அவ ரொம்ப நல்லவ. ஓடுவா, கால் வீங்கும், ரெண்டு பக்கமும் திட்டு வாங்குவா, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டா. எழுதும்போது எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.

அக்கா உடனே பிடிச்சிட்டா. "அது என்ன, ஊருல எல்லாரும் கிறுக்குப் பிடிச்சுத் திரியும்போது தூது போறவ மட்டும் தங்கம்? தூரத்துல இருந்தா எல்லாரும் நல்லவங்கதான்."

அண்ணன் எழுதினான்: "உனக்கு நீயே மாலை போட்டுக்கிற. நடத்து நடத்து."

வாழ்க்கையிலேயே ரெண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் அது ஒண்ணுதான். அது அவங்களுக்கே தெரியாது, ஏன்னா தனித்தனியா எனக்குத்தான் வந்துச்சு.

கோவம் வந்துச்சு. ஆனா திரும்பப் படிச்சா அவ எனக்கே எரிச்சலா இருந்தா. அவ எதுக்கு ஓடிக்கிட்டே இருக்கா? கிழக்குலேர்ந்து மேற்குக்கு நடந்தா ஒரு காலைப் பொழுது. அரசனுக்குக் கால் இருக்கு, அரசிக்கும் கால் இருக்கு. இவ ஓடுறதாலதான் அவங்க ரெண்டு பேரும் நடக்கல.

அதனால மாத்திட்டேன். இப்ப கதையில இப்படி இருக்கு:

தூது போறவ பாதி வழியில ஒரு மரத்தடியில உக்காந்தா. செருப்பைக் கழட்டினா. "இனிமே நான் போகல. அவங்களுக்கு வாய் இருக்கு"ன்னா. அந்த வழியா போன ஆட்டுக்காரன், "உன் வேலை போயிடுமே"ன்னான். "போகட்டும், கால் மிஞ்சும்"ன்னா.

அவ இனிமே கதையில வர மாட்டா. யாரும் கேக்காதீங்க.*

* பெரியப்பா பையன் ஏற்கெனவே கேட்டுட்டான். "அவளுக்கு அந்த ஆட்டுக்காரனோட ஏதாவது"ன்னு. இல்லடா.

6

தூது நின்னதும் என்ன நடந்துச்சுன்னா, போர் வந்துச்சு. வரத்தானே செய்யும்.

ஆனா பனிமூட்டம். கிழக்குப் படை ஒரு பக்கம் கிளம்புச்சு, மேற்குப் படை ஒரு பக்கம் கிளம்புச்சு, ரெண்டும் ஒண்ணையொண்ணு கண்டுபிடிக்கவே முடியல. காலையெல்லாம் நடந்து, ஒரு பெரிய படைய சுத்தி வளைச்சிட்டோம்னு கிழக்குத் தளபதி குதிச்சான். பாத்தா வளைச்சது அவன் படையோட பின்பகுதிய.

"யாரு அங்க?"

"நாங்கதான்."

"நாங்கன்னா?"

"நாங்கன்னா நாங்கதான்யா, வேற எப்படிச் சொல்றது."

"எந்தப் பக்கத்து ஆளு?"

"நீ எந்தப் பக்கம், அத முதல்ல சொல்லு."

"நான் ஏன் முதல்ல சொல்லணும்?"

இப்படியே நின்னாங்க. மேற்குல விட்ட அம்பு மேற்குச் சமையல் கூடாரத்துலயே விழுந்துச்சு. சோத்துப் பானை உடைஞ்சது. அந்தப் போர்ல அன்னைக்கு ஆன பெரிய சேதம் அதுதான். எதிரியப் பாக்கணும்னாக்கூட அம்மா கண்ணு நல்லா இருக்கணும்னு அந்த ரெண்டு பேருக்கும் உறைக்கவே இல்ல.

இத நான் மடிக்கிற மேஜைக்கிட்ட நின்னு சொல்லிட்டு இருந்தேன். பக்கத்து மெஷின்ல வேலை பாக்குற பொண்ணு வேற ஒரு நாட்டுக்காரி, எங்க ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்குறது ஒரு அரைகுறை பாஷை. "யாரைத் திட்டுற?"ன்னு கேட்டா. கதைன்னு சொன்னேன். போருன்னு கையால வெட்டிக் காட்டினேன். "யார் ஜெயிச்சா?"ன்னா.

எந்த நாட்டுக்காரியா இருந்தாலும் கேள்வி இதுதான். அந்தப் பேரரசியப் பத்தி ஒருத்தி கேக்கணுமே.

7

(இந்தப் பகுதிய எங்க வைக்கிறதுன்னு தெரியல. கதைக்குள்ளயா வெளியிலயா. நம்பர் மட்டும் போட்டுட்டேன்.)

காலையில வேலைக்குக் கிளம்பி பஸ்சுக்கு நிக்கும்போது அம்மா கூப்பிட்டா.

"யாருகிட்டயும் சொல்லாத. வியாழக்கிழமை காலையில ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிட்டேன்."

"யார் கூட வர்றா?"

"நானே போறேன். எனக்கு வழி தெரியாதா?"

"வழி தெரியும்மா. படி தெரியுமா?"

அப்புறம் மெதுவா, "அன்னைக்குக் கடைசிப் படி ஒண்ணு இருக்குறது தெரியல. விழல. உக்காந்துட்டேன்."

"உக்காந்துட்டியா? எங்க உக்காந்த?"

"வாசல்ல. கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். காத்து நல்லா வந்துச்சு."

எனக்குப் பஸ் வந்து போயிடுச்சு. கதவைத் தொறந்து டிரைவர் பாத்தாரு, நான் நின்னுகிட்டே இருந்தேன்.

"அப்புறம் ஏம்மா ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாத்தான் படுப்பேன்னு அடம் பிடிச்ச?"

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுடி. பொறந்ததுலேர்ந்து நான் சொன்ன ஒண்ணையாவது அதுங்க கேட்டிருக்குதா? சாப்பிட வான்னா கேக்காது, குளிடான்னா கேக்காது. இத மட்டும் கெட்டியாப் பிடிச்சிக்கும்னு யாருக்குத் தெரியும்?" சிரிச்சா. "ஆமா, உன் பேரரசி என்ன, ஊமையா? கதை ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு வார்த்தை பேசல."

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு"ன்னா. யாருகிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன்னு சொன்னேன்.

சொல்லல. கதைதான் எழுதுறேன். அம்மா, இத உன் போன் படிக்கும்போது நீ என்னைத் திட்டுவ. திட்டிக்கோ.

8

முடிவுகள். மூணு செஞ்சு வச்சிருக்கேன், மூணும் கழுதை.

முதல் முடிவு. கிழக்கு ஜெயிக்குது. பேரரசியப் பல்லக்குல ஏத்தி, மெத்தை போட்டு, குலுங்காமக் கூட்டிட்டுப் போறான். அரண்மனையில உக்கார வைக்கிறான். மருந்து இல்ல. பக்கத்துல அவன் முகம், அவளுக்குத் தெரியல.

ரெண்டாவது முடிவு. மேற்கு ஜெயிக்குது. பச்சிலைய அரைச்சுத் தங்கக் கிண்ணத்துல வச்சிக்கிட்டு வாசல்லயே நிக்கிறா. பேரரசி வந்து சேரல. பச்சிலை காஞ்சு போகுது. "நான் தயாராத்தான் இருந்தேன்"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கா. யாருகிட்ட சொல்றான்னு தெரியல, பனிமூட்டம்.

மூணாவது முடிவு. ரெண்டு பேரும் போர்க்களத்துல ஒருத்தர் மடியில ஒருத்தர் விழுந்து "அண்ணா", "தங்கச்சி"ன்னு கதறி

சீ. அண்ணா, நீ இதப் படிச்சா வேனை ஓரங்கட்டிட்டு அழுவ, அப்புறம் மறுபடியும் வேனை எடுத்துட்டு உன் வீட்டுக்கே போயிடுவ. உன்னை எனக்குத் தெரியும். அக்கா, நீ அழவே மாட்ட, "நல்லா இருக்கு"ன்னு ஒரு பொம்மை மூஞ்சி அனுப்புவ. கதையில கட்டிப்பிடிச்சுக்கிட்டா நெஜத்துல பிடிக்க வேண்டாம்னு உங்களுக்கெல்லாம் ஒரு நெனப்பு.

காரணம் கேட்டீங்க, குடுத்தேன். யார் ஆரம்பிச்சதுன்னு கேட்டுக் கேட்டு என் உயிரை எடுத்தீங்க. போன் அடிச்சுச்சா அடிக்கலையான்னு அந்தப் போனுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். பேரரசோட வரலாறு எழுதுறவங்க யாராவது அத ஆராய்ச்சி பண்ணிக்கட்டும். ஆனா அந்த ஆராய்ச்சி முடியிற வரைக்கும் பொழுது விடியாது, அத மறந்துடாதீங்க.

9

வியாழக்கிழமை காலையில பேரரசி தானே எந்திரிச்சா. கிரீடத்தக் கழட்டி வச்சா, கனம். ஒரு நல்ல புடவை கட்டினா. கட்டினது நல்ல பக்கமா, உள்பக்கமான்னு தடவிப் பாத்துக்கிட்டா. படைங்க எங்கயோ கத்துற சத்தம் கேட்டுச்சு.

காவல்காரன், "யார் கூடப் போறீங்க?"ன்னு கேட்டான்.

"கதை முழுக்க எழுதுறவ எனக்கு வாய் வைக்கல, இப்பத்தான் வச்சிருக்கா"ன்னா பேரரசி. "கேக்காத. கதவைத் தொற."

வாசல்ல வந்து நின்னா. வெளிய ஒரே வெள்ளை. எதிர்ல படி இருக்கணும், எத்தனைன்னு அவளுக்குத் தெரியும், எங்க ஆரம்பிக்குதுன்னுதான் தெரியல. ஒரு காலை முன்னால வச்சு, தடவி, திரும்ப இழுத்துக்கிட்டா. கையை முன்னால நீட்டினா.

இதுக்கு மேல நான் எழுத மாட்டேன்.

அன்னைக்குக் காலையில நான் இங்க மெஷினுக்கு முன்னால நிப்பேன், போனை அன்னைக்கு மட்டும் வேணும்னே லாக்கர்ல பூட்டி வச்சிடுவேன். யாரும் "அவகிட்ட சொல்லு, அவன்கிட்ட சொல்லு"ன்னு அனுப்பாதீங்க, நான் பாக்க மாட்டேன். வேன் இருக்குறவன்கிட்ட வேன் இருக்கு. சொட்டு மருந்து தெரிஞ்சவளுக்கு சொட்டு மருந்து தெரியும். பழைய வீட்டு வாசல் ரெண்டு பேருக்கும் தெரியும். மீதிக் கதைய நீங்களே எழுதுங்க.

எந்தக் கையை யார் பிடிக்கிறதுன்னு அங்க போயும் சண்டை போடாதீங்க. அவளுக்குக் கை ரெண்டு இருக்கு.